மறுமொழி: செயலியின் மேல் பூசுவதற்கு ‘வெப்பப் பசை’ என்ற சொல் பொருந்துமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்து நண்பர், தாமே பாகங்களை வாங்கிப் பொருத்திய நீர்மக் குளிர்விப்புக் கணினியில் செயலி (processor, கணினியின் மையச் சில்லு) அளவுக்கு மீறிச் சூடேறுவதாக எழுதியிருந்தார். பழுதுபார்ப்புக் கேள்விக்குச் சொல்லாக்கக் குழுமத்தில் என்ன வேலை என்று இங்கே சிலர் வினவியதும் நியாயமே. ஆயினும் அவருடைய கணினியின் பழுதும், thermal paste என்பதற்கு நாம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவைத்த ‘வெப்பப் பசை’ என்ற சொல்லும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று நான் உறுதியாகக் கருதுவதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவருடைய செயலி ஏஎம்4 (AM4) வகைப் பொருத்துவாயில் (socket) அமர்வது. முழுச் சுமையில் 142 வாட் வரை மின்சாரம் எடுத்துக்கொள்வது. 90 பாகை செல்சியசைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது. கனமான வேலை எதையாவது தொடங்கிய சில நொடிகளிலேயே அது 90 பாகைக்குத் தாவிவிடுகிறது என்றும், அந்நேரத்தில் செயலியின் மேலுள்ள குளிர்விப்பானிலிருந்து நீர்மத்தைக் கொண்டுசென்று திரும்பக் கொணரும் இரண்டு குழாய்களையும், அதைக் காற்றால் ஆற்றும் ரேடியேட்டரையும் தொட்டுப் பார்த்தால் சூடே தெரியவில்லை என்றும் அவர் குறித்திருந்தார். கத்திரி வெயில் காலத்தில் கடலூரில் பகல் வெப்பம் 40 பாகையை நெருங்குவதையும், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த ரேடியேட்டராலும் நீர்மத்தை ஆக்க முடியாது என்பதையும் சுட்டி, பருவத்தின் மேல் பழிபோட்டவர்கள் உண்டு. விசிறியைத் திருப்பிப் போடுங்கள், பம்பின் மின்னிணைப்பைப் பாருங்கள், ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையேல் காற்றுக் குமிழிகள் பம்பில் போய்த் தங்கிவிடும் என்றெல்லாம் அறிவுரைகள் வந்தன. ஒவ்வொன்றும் பொதுவில் சரியானதுதான். ஆனால் அவர் சொன்ன அறிகுறிக்கு அவற்றில் எதுவும் பொருந்தவில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். குளிர்விப்பானுக்குள் 300 மில்லிலிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரேடியேட்டர் ஒரு துளி வெப்பத்தையும் வெளியேற்றவில்லை என்றே கொண்டாலும், 142 வாட் வெப்பம் அந்த நீரை 1 பாகை உயர்த்துவதற்கு ஏறத்தாழ 9 நொடிகள் ஆகும். அறைவெப்பத்திலிருந்து 90 பாகைக்கு ஏற எட்டு நிமிடங்களாவது வேண்டும். ஆகவே விசிறியோ ரேடியேட்டரோ சரியில்லை என்றால் சூடு படிப்படியாக ஏறுமே தவிர, நொடிகளில் தாவாது. பம்பு நின்றுபோயிருந்தால் பெரும்பாலும் அதை ஒட்டிய பகுதியாவது சற்று நேரத்தில் சூடேறியிருக்கும். சில்லு கொதிக்கும்போது நீர்மத்தின் பாதை முழுவதும் குளிர்ந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் வெப்பம் நீர்மத்தையே சென்றடையவில்லை என்பதுதான் பொருள். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று: செயலியின் உலோக மூடியும் குளிர்விப்பானின் செப்புத் தட்டும் சந்திக்கும் இடம். அங்கே நேரக்கூடிய பிழைகளும் சிலவே. தட்டின் மேல் ஒட்டிவரும் காப்புத்தாளை உரிக்காமல் பொருத்தியிருக்கலாம். திருகுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி முறுக்காமல் ஒரு பக்கத்தை முதலில் இறுக்கியிருக்கலாம். இடையில் பூசிய பொருளே தவறானதாக இருக்கலாம்.

நண்பர் பிறகு அனுப்பிய படங்கள் மூன்றாவதே காரணம் என்று காட்டிவிட்டன. தட்டின் விளிம்பில் பிதுங்கி நின்ற வெண்ணிறப் பொருள் இறுகிப்போயிருந்தது. அதை நகத்தால் சுரண்டியபோது குழையாமல் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து வந்தது. எல்இடி விளக்குத் தகடுகளில் வெப்பமிறக்கிகளை (heat sink) ஒட்டுவதற்கென்றே விற்கப்படும் சிலிக்கோன் ஒட்டுப்பொருள் அது. நம் பட்டியலில் கண்ட ‘வெப்பப் பசை’ என்ற சொல்லைச் சொல்லியே தாம் கடையில் கேட்டதாக நண்பர் எழுதுகிறார். வெப்பத்துக்கான பசை என்று கேட்டவருக்குக் கடைக்காரர் ஒட்டுவதற்கான பொருளை எடுத்துக் கொடுத்ததில் எந்தத் தவறும் இல்லை. தவறான பொருளுக்கு அவரை இட்டுச்சென்றது நம்முடைய சொல்லே.

அது எத்தனை கேடு செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். செம்பின் வெப்பங்கடத்து திறன் மீட்டர்-பாகைக்கு ஏறத்தாழ 400 வாட், காற்றினுடையது 0.026 மட்டுமே. செயலிக்கென்று செய்யப்படும் நல்ல பூச்சுகள் 4 முதல் 12 வரை உள்ளவை, அதாவது செம்புக்கு மிகவும் கீழே, காற்றுக்கு மிகவும் மேலே. எனவே அந்தப் பொருளின் வேலை, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்புவது மட்டுமே. அது மெல்லிய படலமாக இருக்கும்வரைதான் நன்மை. நாற்பது மில்லிமீட்டர்ச் சதுர மூடியின் மேல் திறன் 8 உள்ள பூச்சு 0.05 மில்லிமீட்டர் கனத்தில் பரவியிருந்தால், 142 வாட் அதைக் கடக்க 1 பாகை வேறுபாடுகூடத் தேவைப்படாது. திறன் 1 உள்ள ஒட்டுப்பொருள் அரை மில்லிமீட்டர் கனத்தில் இறுகியிருந்தால் 40 பாகைக்கு மேல் தேவைப்படும். இவ்வகைச் செயலிகளில் வெப்பம் மூடி முழுவதும் சீராகப் பரவாமல் சிறு சில்லின் நேர்மேலேயே குவிவதால், உண்மை வேறுபாடு இதைவிடவும் கூடுதலாகவே இருக்கும்.

பற்பசை என்ற சொல் நெடுங்காலமாக வழங்கிவருவதைக் காட்டி, பசை என்றால் ஒட்டுவது என்ற பொருள் மட்டுமே இல்லை என்று வாதிட்டவர்களுக்கு என் மறுமொழி இதுதான். பல் துலக்கும் பொருளை யாரும் ஒட்டுப்பொருளாக மயங்க வாய்ப்பில்லை, ஏனெனில் அந்தக் கடையில், அந்த அலமாரியில் அதற்கு இணையாக வேறு பசை இல்லை. மின்னணுப் பொருள் விற்கும் கடையில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. அருகருகே கிடக்கும் இரு பொருள்களை வேறுபடுத்திக் காட்டாத கலைச்சொல் தன் முதல் கடமையிலேயே தவறிவிடுகிறது.

புதுச்சேரி ஐயா அவர்கள் முன்வைத்த ‘வெப்பக் களிம்பு’ இதைவிட மேலானது; மருந்துக் களிம்பு என்ற வழக்கால் ‘மெலிதாகப் பூசுவது’ என்ற குறிப்பு அதில் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் பூசப்படும் தட்டு செம்பாக இருப்பதால் ஒரு சிக்கல் எழுகிறது. செம்பில் படியும் பச்சை நிறக் கறையாகிய களிம்பை, உயிரைப் பற்றிய மாசாகிய ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்வது சைவ சித்தாந்த மரபு. நம் மாவட்டத்துப் பெண்ணாடத்தைப் பிறந்த ஊராகக் கொண்ட மெய்கண்டாரின் வழியில் வந்த அந்த மரபில் களிம்பு என்பது நீக்க வேண்டிய மாசு. இது வெறும் இலக்கிய நயத்துக்காகச் சொல்வதன்று. செப்புத் தட்டையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே நீர்மம் சுற்றிவரும் கருவிகளில், அரிப்புத் தடுப்பான் வலுவிழந்தால் உலோகம் அரிக்கப்பட்டு நுண்ணிய வாய்க்கால்கள் அடைபடுவது உண்மையான பழுது. ‘தட்டில் களிம்பு இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினால், பூச வேண்டியதைப் பூசியிருக்கிறார் என்பதா, செம்பு கெட்டுவிட்டது என்பதா? ஐயா அவர்கள் இதைக் கருத்தில்கொள்ள வேண்டுகிறேன்.

நான் முன்மொழிவது ‘வெப்பச்சாந்து’. மார்பில் சாந்து பூசுதல் சங்கப் பாடல்களிலேயே உள்ளது. மெலிதாகப் பூசப்படுவதும் உடல்வெப்பத்தைத் தணிப்பதும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. சுவர் எழுப்பும்போது இரு பரப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்புவதும் சாந்துதான்; புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவர்ச்சாந்தும் இறுகித்தானே போகிறது என்ற தடை எழலாம். எழட்டும், ஆனால் சாந்து என்று கேட்டுக் கடைக்குப் போகிறவருக்கு யாரும் ஒட்டுப்பொருளை எடுத்துத் தரப்போவதில்லை. மேலும் இச்சொல் வாக்கியத்தில் தடையின்றி ஓடுகிறது: சாந்து பூசினேன், பழைய சாந்தைத் துடைத்தேன், சாந்து காய்ந்துவிட்டது. காலியம் (gallium) என்ற உலோகம் கலந்த வகையை ‘உலோகச்சாந்து’ எனலாம். அது அலுமினியத்தைச் சிதைக்கும் என்பதால் அதற்குத் தனிப்பெயர் இருப்பது மிகவும் தேவை.

மஞ்சக்குப்பத்து நண்பருக்கு ஒரு வேண்டுகோள். குளிர்விப்பானை நேராக மேலே இழுக்காதீர்கள். உங்கள் செயலியின் ஊசிகள் அதன் அடியிலேயே இருப்பதால், பொருத்துவாய் பூட்டியிருந்தாலும் அது குளிர்விப்பானோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரக்கூடும், ஊசிகள் வளைந்துபோகும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, வெதுவெதுப்பானதும் மின்னிணைப்பை நீக்கி, திருகுகளைக் கழற்றி, இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிடி தளர்ந்த பிறகே தூக்குங்கள்.

பட்டியலில் சேர்க்க நான் எழுதியுள்ள விளக்கம் இது: வெப்பச்சாந்து – செயலியின் மூடிக்கும் குளிர்விப்பானின் தட்டுக்கும் இடையிலுள்ள காற்றை அகற்றி வெப்பம் கடக்க மெலிதாகப் பூசப்படும், ஒட்டும் தன்மை இல்லாத பொருள். அந்தத் தட்டுக்கு நாம் வைத்திருக்கும் ‘குளிர்தட்டு’ என்ற பெயரும் எனக்கு உடன்பாடில்லை. அது வெப்பத்தை ஏற்று நீர்மத்துக்குத் தருவதால் ‘ஏற்புத்தட்டு’ எனலாமா என்பதை அன்பர்கள் தனி இழையில் பேசலாம்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து