ஆய்வு வேலையில் மறக்காத ஒரு நாள்: உங்கள் அனுபவம்?

பாம்பன்காரன்:
பவளப்பாறை கணக்கெடுப்பில் மூன்று வருடம் இருந்தேன். வேலை தெரிந்ததுதான்: பாறையில் அடித்த கம்பிக்குக் கம்பி 20 மீட்டர் டேப் இழுத்து, அடியில் உயிரோடு இருப்பது எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று எழுத வேண்டும். அடுத்த வருடமும் அதே கம்பி, அதே டேப். 2016 கோடையில் கடல் தண்ணீர் சூடேறி, சுண்ணாம்பு அடித்தது போலப் பவளம் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. எது பிழைத்தது என்று மறுவருடம் பார்க்க வேண்டிய நேரத்தில் பணம் நின்றது, கதை முடிந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் எங்கள் கம்பி! மஞ்சள் டேக்கில் 7 என்று நான் எழுதியது அப்படியே இருந்தது. நங்கூரத்தில் மாட்டி வந்ததாம். எடைக்குக் காசு கொடுத்து வாங்கி வந்தேன். இப்போது வீட்டில் ஒட்டடைக் கம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

பாசிக்காரி மகள்:
அந்த மாதிரிக் கம்பி ஒன்று எங்கள் அம்மாவின் காலைக் கிழித்தது, அதையும் எழுதுங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடற்பாசி எடுக்கிற ஆள். 98-ல் வெளுத்தது, 2010-ல் வெளுத்தது, 2016-ல் வெளுத்தது எல்லாம் அம்மா சொல்லும், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) என்பதோடு சேர்த்து. ஆய்வுக்கு ஒரு தம்பி வந்து எத்தனை கிலோ, என்ன விலை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டான். குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல், வளர்ப்பதற்காகக் கொண்டுவந்த வெளியூர்ப் பாசி போர்வை போலப் படர்ந்த சமயம் அது. அவனிடம் காட்ட ஒரு கொத்தை வாளியில் கடல் தண்ணீரோடு மூன்று நாள் வைத்திருந்தது அம்மா. போன் செய்தேன். "மார்ச்சோட ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சுக்கா" என்றான். அந்த வாளித் தண்ணீரின் நாற்றம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதுமலை ரிட்டர்ன்:
எனக்கு ஊர் தேவிபட்டினம், வேலை பார்த்தது முதுமலையில். மரம் மரமாக எண்ணி அளக்க 1988 முதல் நடக்கிற 50 ஹெக்டேர் ப்ளாட். ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருந்தாலே மரத்துக்கு நம்பர். யானை முறித்த ஒரு கிளைத்தண்டில் டேக் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைத் திருப்பும் முன்பே கூட வந்த பெரியவர் நம்பரைச் சொல்லிவிட்டார். பாம்பன்காரரே, கம்பி போனதை விடுங்கள். உங்கள் பாரில் அப்படி ஓர் ஆளை வைத்திருந்தீர்களா? மேலே எழுதியவரின் அம்மாவுக்கு ஒரு நாள் கூலியாவது கொடுத்தீர்களா?

பாம்பன்காரன்:
கூலி கொடுக்கிற இடத்தில் நான் இல்லை சார். எனக்கே நாலு மாதம் பாக்கி.

ஓய்வுபெற்றவன், மண்டபம்:
சண்டை வேண்டாம். சில விஷயம் சொல்கிறேன், இனி தொடங்குபவர்களுக்கு உதவும். ஒன்று, கம்பியை மட்டும் நம்பாதீர்கள். ஜி.பி.எஸ். எண்ணோடு, கரையில் தெரியும் இரண்டு அடையாளங்கள் எந்தக் கோட்டில் சேர்கின்றன என்பதையும் எழுதுங்கள், நம் மீனவர்கள் பார் கண்டுபிடிப்பது போல. அப்புறம், அளப்பவர் மாறும்போது பழையவரும் புதியவரும் ஒரே இடத்தை ஒரே நாளில் தனித்தனியாக அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பவளம் குறைந்ததா, பார்க்கிற கண் மாறியதா என்று பின்னால் சொல்ல முடியாது. இதை யாரும் செய்வதில்லை! தாள்களுக்கு இரண்டு ஊரில் இரண்டு பிரதி. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் பழங்காட்டில், எச்.ஜே. ஆண்ட்ரூஸ் என்ற இடத்தில், மார்க் ஹார்மன் என்பவர் 1985-ல் மரத்தடிகளைக் கிடத்தி, அவை மக்குவதை 200 வருடம் பார்க்க வேண்டும் என்று தொடங்கினார். தொடங்கியவர் முடிவைப் பார்க்க மாட்டார் என்பது முதல் நாளே தெரியும். ஆகவே அடுத்த ஆளுக்குப் புரியும்படி எழுதியே ஆக வேண்டும். 2023-ல் அந்தக் காட்டின் பெரும்பகுதியில் தீ பரவியது. பழைய கணக்கு இருப்பதால்தான் எரிந்த காட்டை எதோடு ஒப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியும். நாம் மூன்று வருடத்துக்கு மேல் யோசிப்பதே இல்லை.

என் கதை சின்னது. என் நோட்டுகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தேன். கரையான்.

பாம்பன்காரன்:
அக்கா, என்னிடம் மூன்று வருடத் தாளும் இருக்கிறது. 7 எந்தப் பாரில் இருந்தது என்று அம்மாவுக்கு அடையாளம் சொன்னால், இப்போது அங்கே எப்படி இருக்கிறது என்று சொல்வார்களா?

பாசிக்காரி மகள்:
கேட்டேன். "கரைவலைக்காரன் நங்கூரம் போடுற அந்தக் கல்லா?" என்கிறது. வாடைக்காற்று அடங்கியதும் வாருங்கள். கம்பி வேண்டாம்.