மறு: ஆட்சி செய்த அந்நியர் போன பிறகும் இருக்கும் மொழிக்குக் கலைச்சொல்

> 'எச்சமொழி' என்றே வைத்துவிடலாமே. பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் நமக்குப் பழகியவைதானே.

வணக்கம் ஐயா. பழகியதுதான் சிக்கல். இலக்கணத்தில் எச்சம் என்றால் முடியாமல் நிற்கும் சொல். பேச்சில் எச்சம் என்றால் எங்கள் ஊர்க் கோபுரத்தில் புறா போட்டுவிட்டுப் போவது. பாவம், புதுச்சேரியில் தங்கிவிட்ட பிரெஞ்சுக்கு இரண்டும் வேண்டாம்.

அதைவிட, ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகளைத் திணிக்கிறோம். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும்வரை புதுச்சேரியில் பிரெஞ்சே ஆட்சிமொழி என்றது 1956 இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம். அது காகிதத்தில் தங்கியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவரை அங்கே 'சொல்தா' என்பார்கள், படைவீரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல். அது வாயில் தங்கியது. அப்படிச் சொல்கிற பாட்டிக்குப் பிரெஞ்சில் ஒரு வாக்கியம்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வியட்நாமிலும் இந்தக் கதைதான்: ஆட்சிமொழி வியட்நாமியம், ரயில் நிலையம் மட்டும் இன்றும் 'கா', நிலையத்துக்கான பிரெஞ்சுச் சொல் 'கார்' (gare) தேய்ந்தது. ஹைட்டி நேர் எதிர். 1804இலேயே விடுதலை, ஆனால் பிரெஞ்சு இன்னும் ஆட்சிமொழி. ஊரே பேசும், பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோலுக்கு அந்த இடம் கிடைக்க 1987 அரசியலமைப்பு வரவேண்டியிருந்தது.

ஆகவே அலுவலகத்தில் தங்குவது 'தங்குமொழி'. 2023இல், முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்க நாடான மாலி, பிரெஞ்சை ஆட்சிமொழி இடத்திலிருந்து இறக்கி, வேலை நடத்தும் மொழியாக மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கும் இந்தச் சொல் பொருந்தும்.

நாவில் படிந்தது 'வண்டல்சொல்'. கண்மாய் வற்றியதும் வண்டலை அள்ளி வயலில் கொட்டுகிறோம்; எந்த வெள்ளம் கொண்டுவந்தது என்று யார் கேட்கிறார்கள்? நம் வீட்டுப் பீரோவும் அப்படித்தான், எந்த வழியாக வந்திருந்தாலும் பிறப்பு பிரெஞ்சு.

அப்புறம், இன்னொருவர் சொன்ன 'ஆண்டமொழி'. ஆண்டால் மட்டும் மொழி தங்கிவிடுமா? 1763இல், மதுரையை ஆண்டுவந்த யூசுப் கான் என்னும் கான் சாகிபு மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மறு ஆண்டு அக்டோபரில் அவரைத் தூக்கில் போட்டார்கள். பள்ளிக்கூடம், நீதிமன்றம் எதுவும் பிரெஞ்சில் வைக்க நேரமே இல்லை. மதுரையின் கான்சாமேட்டுத் தெருவில் அவர் பெயர் இருக்கிறது, பிரெஞ்சு வாடை இல்லை.

புணர்ச்சிப்படி 'வண்டற்சொல்' என்றுதான் எழுத வேண்டும் என்று யாராவது கிளம்புவீர்கள். விதி சரி. ஆனால் வண்டல் மண்ணை 'வண்டன்மண்' என்று யாரும் எழுதுவதில்லையே.