வாகைக்குளத்தில் 1990களில் வந்திறங்கிய விமானம் எது? வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாளை வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்ட பிறகு, விமானங்களின் மீது தீராத பற்றுக் கொண்ட என் மகள், "நீங்கள் என் வயதில் இருந்தபோது இங்கே என்ன விமானம் வந்தது?" என்று கேட்டாள். நினைவில் இருந்ததை எல்லாம் சொன்னேன். ஆனால் அந்த விமானத்தின் பெயரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் அத்தை வீடு புதுக்கோட்டைக்கு அருகில் இருந்தது (தூத்துக்குடிச் சாலையில் உள்ள நம் புதுக்கோட்டையைச் சொல்கிறேன்). ஆடி மாதக் கோவில் கொடைக்கும் அரையாண்டு விடுமுறைக்கும் அங்கே போவோம். அத்தை பிள்ளைகளோடு சைக்கிளில் கிளம்பி, விமான நிலைய வேலிக்கு வெளியே உள்ள உடைமரங்களின் நிழலில் காத்திருப்போம். குடை விரித்தது போன்ற அந்த மரங்களுக்கு மேலே, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு கூர்மையான சீழ்க்கை ஒலி கேட்கும். இறக்கைகள் சன்னல்களுக்கு மேலே இருக்கும். இறங்கும் நேரத்தில், இறக்கையோடு சேர்ந்திருக்கும் எஞ்சின்களுக்கு அடியிலிருந்து நீண்ட கால்கள் தொங்கும். சன்னல்கள் பெரியவையாக, முட்டை வடிவத்தில் இருந்ததாக நினைவு. அது டார்னியர் விமானம்தான் என்று எங்கள் அத்தான் இன்றுவரை சாதிக்கிறார்.

இன்னொரு ஐயமும் உண்டு. கொடைக்குப் போகும்போது விமானம் கடற்பக்கத்திலிருந்து தாழ்ந்து வரும். அரையாண்டு விடுமுறையில் வல்லநாட்டு மலைப் பக்கத்திலிருந்து வரும். இது உண்மையாகவே அப்படித்தானா, அல்லது இரண்டு நினைவுகள் எனக்குள் கலந்துவிட்டனவா? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் மகளிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

டவுண் மெக்கானிக் (ஓய்வு)

தம்பி, விமானங்களைப் பழுது பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது என்பதால், உங்கள் கேள்வியைப் படித்ததும் விடை தெரிந்துவிட்டது. நீங்கள் பார்த்தது டார்னியர் அன்று; ஃபோக்கர் எஃப் 27 ஃபிரண்ட்ஷிப். ஆனால் உங்கள் அத்தான் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. வாகைக்குளத்துக்கு முதலில் வந்தது டார்னியர்தான். 1992இல் வாயுதூத் நிறுவனம் அதைக் கொண்டுதான் சென்னைக்குச் சேவை நடத்தியது. அந்தச் சேவை நெடுநாள் நீடிக்கவில்லை. அதற்குப் பிறகு, 1990களின் நடுவில், சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. நிறுவனம் ஃபோக்கர் விமானத்தைக் கொண்டு வந்தது. அவர் முதலாவதைப் பார்த்திருப்பார். நீங்கள் இரண்டாவதைப் பார்த்திருக்கிறீர்கள்.

எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்று உங்கள் மகள் கேட்பாள். கால்களை வைத்துத்தான் சொல்கிறேன். டார்னியர் 228, ஃபோக்கர் எஃப் 27 ஆகிய இரண்டுக்குமே இறக்கை உடலுக்கு மேலேதான் இருக்கும்; இரண்டிலும் விசிறியோடு கூடிய எஞ்சின்கள் இரண்டு உண்டு. எனவே தரையிலிருந்து பார்க்கும் பிள்ளைகள் ஒன்றை மற்றொன்றாக எண்ணுவது இயல்புதான். ஆனால் டார்னியரின் முதன்மைச் சக்கரங்கள் உடலின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் கூட்டுக்குள் மடங்கும். அதனால் அதன் கால்கள் குட்டையாக, வயிற்றோடு ஒட்டியே தெரியும். ஃபோக்கரின் சக்கரங்களோ இறக்கையில் உள்ள எஞ்சின் கூட்டுக்குள் மடங்குபவை. இறக்கை உயரத்தில் இருப்பதால் அங்கிருந்து தரையைத் தொட நீளமான கால் தேவைப்படுகிறது. எஞ்சினுக்கு அடியிலிருந்து நீண்ட கால்கள் தொங்கின என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியே போதும். முட்டை வடிவப் பெரிய சன்னல்களும் ஃபோக்கரின் அடையாளம்தான்.

அந்தச் சீழ்க்கை ஒலி ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சினுடையது. உலகம் முழுவதும் அந்த எஞ்சினைக் கண்ணால் பாராமலே காதால் அடையாளம் கண்டவர்கள் உண்டு. அருகில் நின்று வேலை செய்தவர்கள் காதை மூடிக்கொண்டுதான் நிற்போம். டார்னியரின் எஞ்சினும் கூச்சல் மிகுந்ததுதான். தரையில் நிற்கும்போதுகூட அது மிகுந்த வேகத்தில் சுழலும் வகையைச் சேர்ந்தது. ஆனால் அதன் ஒலி ஒருவிதமான ரம்பச் சத்தமாக இருக்குமே தவிரச் சீழ்க்கையாக இராது.

டார்னியரில் 19 பேர் அமரலாம். ஜெர்மானிய வடிவமைப்பான அதை, உரிமம் பெற்று, கான்பூரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் நம் நாட்டிலேயே கட்டியது. ஃபோக்கர் எஃப் 27 நெதர்லாந்தில் பிறந்தது. 1955இல் முதன்முதலாகப் பறந்த வடிவமைப்பு, நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் செல்லும். நீங்கள் பார்த்த காலத்திலேயே அது மூத்த விமானம் என்பதை மகளிடம் சொல்லுங்கள். இப்போது அதைப் பறக்கும் நிலையில் காண்பது அரிது.

வல்லநாட்டு ஆசிரியர்

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். நினைவுகள் கலக்கவில்லை, நீங்கள் பார்த்தது முழுக்க உண்மை.

வாகைக்குளத்து ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்தது. விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கவும் ஏறவும் செய்யும். எதிர்க்காற்று இருந்தால் தரையைத் தொடும் வேகம் குறையும், ஓட வேண்டிய தொலைவும் குறையும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) நம் மாவட்டங்களுக்குள் எப்படிப் புகுந்து வீசும் என்பதை, கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்றால், விமானம் கிழக்கே கடற்பக்கம் போய்த் திரும்பி, மேற்கு நோக்கி வந்தாக வேண்டும். மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது விமானம் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து, தாமிரபரணியைத் தாண்டி, கிழக்கு முகமாக இறங்கும். கொடைக்கு ஒரு திசை, அரையாண்டு விடுமுறைக்கு ஒரு திசை என்று பள்ளிப் பருவத்திலேயே நீங்கள் கவனித்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. என் மாணவர்களுக்கு ஏழாம் வகுப்பில் பருவக்காற்றுப் பாடம் நடத்தும்போது, பள்ளி மைதானத்தில் நின்று விமானம் வரும் திசையைத்தான் முதலில் குறிக்கச் சொல்வேன்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாளில் நாம் பார்த்தவை எல்லாம் விசிறி விமானங்களாக மட்டுமே இருந்ததற்கு ஓடுதளத்தின் நீளம்தான் காரணம். பழைய ஓடுதளம் 1,350 மீட்டர். நிறைய பயணிகளை ஏற்றிய ஜெட் விமானத்துக்கு, அதிலும் சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்திருக்கும் நம் ஊரில், அந்த நீளம் போதவே போதாது. ஆகவே டார்னியர், ஃபோக்கர், பிற்காலத்தில் ஏடிஆர், கியூ 400 என்று குறுகிய தளத்தில் இறங்கக்கூடியவை மட்டுமே வந்தன. மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் ஜெட் விமானங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம்முடையதைச் சிறியது என்று பேசியது உண்டு. நான் அதை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. தளம் சிறியதாக இருந்ததால்தான் விமானம் நமக்கு அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்தது. விசிறியின் சுழற்சி மெல்ல அடங்கி, அதன் அலகுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் புலப்படுவதை வேலிக்கு வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. இப்போது ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டு, அகலமும் 45 மீட்டராகிவிட்டது. ஏ321 போன்ற விமானங்கள் இறங்கலாம். ஊருக்கு அது வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

ஃபோக்கர் நின்றுபோன பிறகு 2006 வரை வழக்கமான பயணிகள் சேவை இல்லை. அந்த ஆண்டுகளில் வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமானம் என்றால், தேர்தல் காலத்தில் தலைவர்கள் வந்திறங்கும் ஹெலிகாப்டர்தான்.

ஸ்ரீவைகுண்டத்து மகள்

ஆசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், ஏனென்றால் என் காலம் 2006இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஏர் டெக்கான் தன் ஏடிஆர் விமானங்களோடு வந்தபோது, நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் பயணம் செய்தே பழகிய எங்கள் வீட்டில், சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதை என் ஆச்சி நம்ப மறுத்தார். எங்கள் சித்தப்பாவை வழியனுப்பக் குடும்பமே சென்றது. அன்று தொடங்கிய பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. டெக்கான் கிங்ஃபிஷரோடு இணைந்த பிறகு அதே ஏடிஆர் வேறு நிறத்தில் வந்தது. 2012இல் கிங்ஃபிஷரும் நின்றுபோனது. ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் கியூ 400 விமானங்களையும், அதன் பிறகு இண்டிகோவின் ஏடிஆர்களையும் இதே வேலிக்கு வெளியிலிருந்துதான் பார்த்தேன். ஸ்பைஸ்ஜெட் தன் விமானங்களுக்கு மசாலாப் பொருட்களின் பெயர்களைச் சூட்டியிருந்தது; மூக்கருகே எழுதியிருக்கும் அந்தப் பெயரைப் படிக்க முயல்வதே எங்களுக்குப் பெரிய விளையாட்டு.

உங்கள் மகளுக்காக இந்த இரண்டையும் வேறுபடுத்தும் வழியைச் சொல்கிறேன். ஏடிஆரில் பயணிகள் வால் பக்கத்துக் கதவு வழியாக ஏறுவார்கள். முன்பக்கக் கதவு பெட்டிகளுக்கானது. கியூ 400இல் முன்கதவே படிக்கட்டாகக் கீழே விரியும். உடலும் மெலிந்து நீண்டிருக்கும். கால்களும் அப்படியே: கியூ 400இன் கால்கள், மேலே மெக்கானிக் ஐயா ஃபோக்கருக்குச் சொன்னது போல, எஞ்சின் கூட்டிலிருந்து நீண்டு இறங்கும், ஏடிஆரின் கால்கள் டார்னியரைப் போல வயிற்றின் ஓரத்திலிருந்து வரும். ஏடிஆர் நிற்கும்போது வலப்பக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அதன் விசிறி மட்டும் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று மெக்கானிக் ஐயா விளக்கினால் நானும் தெரிந்துகொள்வேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊர் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கியிருந்தார்கள். அப்போது உணவுப் பொட்டலங்களோடு வந்த ஹெலிகாப்டர்களை மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். அது எந்த வகை என்று அடையாளம் காண எனக்கு அன்று தோன்றவே இல்லை. இதையும் விமானம் பார்த்த நினைவுகளில் சேர்க்கலாமா என்று தெரியாது. சேர்க்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

மேலப்பாளையத்தான்

அண்ணாச்சி, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விமான நிலையம் என்றால் திருவனந்தபுரம்தான். வளைகுடாவுக்குப் போகும் ஒருவரை அனுப்ப வேன் நிறைய ஆட்கள் நாகர்கோவில் வழியாகக் கிளம்புவோம். அனுப்பிவிட்டு அழுத கண்ணோடு வெளியே வரும் பெரியவர்களைச் சங்குமுகம் கடற்கரையில் சற்று நேரம் உட்கார வைப்போம். தலைக்கு மேலே ஜெட் ஒன்று தாழ்ந்து போனால், "அதில்தான் நம் பிள்ளை போகிறான்" என்று ஒருவர் சொல்ல, அனைவரும் எழுந்து கையசைப்போம். வாகைக்குளத்து விமானங்களை நான் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இந்த இழையைப் படித்த பிறகு, அருகிலேயே இருந்ததை நின்று பார்த்திருக்கலாமே என்று ஏக்கமாக இருக்கிறது.

பாளை வாசகன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபோக்கர் எஃப் 27 என்ற பெயரைச் சொன்னதும் அத்தான் ஏற்கவில்லை. கால்களைப் பற்றிய விளக்கத்தைப் படித்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார், தான் பார்த்தது அதற்கும் முந்தைய விமானம் என்ற பெருமிதத்தோடு. வாகைக்குளத்தில் ஃபோக்கர் நிற்கும் ஒரு புகைப்படமாவது யாரிடமாவது இருக்குமா? மகள் படம் வரைவதற்காகக் கேட்கிறாள்.

டவுண் மெக்கானிக் (ஓய்வு)

முதலில் ஸ்ரீவைகுண்டத்து மகளுக்கு விடை. ஏடிஆரில், தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் தருவதற்கென்று மற்ற விமானங்களின் வாலில் இருக்கும் துணை எஞ்சின் கிடையாது. அதற்குப் பதிலாக வலப்பக்க எஞ்சினையே ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் ஒரு பிரேக் கொண்டு நிறுத்தி வைப்பார்கள். பயணிகள் இடப்பக்கமாக ஏறுவதால் இந்த ஏற்பாடு வசதியாகவும் இருக்கிறது. எடை குறையும், பராமரிப்பும் குறையும். மிக நல்ல யோசனை என்பது என் கருத்து.

புகைப்படம் கிடைப்பது கடினம், தம்பி. 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 13ஆம் விதி, அனுமதியின்றி அரசு விமான நிலையத்தில் படம் எடுப்பதைத் தடுத்தது. காவலர்களும் அதில் கண்டிப்பாக இருந்தார்கள். வெளிநாடுகளில் விமானம் பார்ப்பவர்கள் படங்களாகச் சேர்த்த காலத்தில், நம் ஆட்கள் மனத்தில்தான் சேர்த்தார்கள். என்.இ.பி.சி. காலத்துப் பயணச்சீட்டோ பெட்டியில் கட்டிய அட்டையோ யாரிடமாவது பத்திரமாக இருந்தால், அதில் உள்ள தேதியையும் நேரத்தையும் இங்கே எழுதுங்கள். எந்த மாதம் வரை அது வந்தது என்று அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.

உங்கள் மகளை ஒரு குறிப்பேடு தொடங்கச் சொல்லுங்கள். நாள், நேரம், காற்று வீசும் திசை, விமானம் வந்த திசை, வகை, நிறுவனம், வி.டி. என்று தொடங்கும் பதிவெழுத்துகள் ஆகியவற்றை அவள் குறித்து வந்தால் போதும். எழுத்துகளைப் படிக்க ஒரு சிறிய இருகண்நோக்கி உதவும். பார்க்கப் போகும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், லாரிகள் வேகமாக வரும் சாலை அது. விமான நிலைய வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு, காவலர்களிடம் சொல்லிவிட்டு நின்றால் நல்லது.