மறு: ஹீட் ரெசிஸ்டன்ட் பெயின்ட், தமிழில் என்ன?

வணக்கம்.

சைலன்சர் பெண்டுக்கு (எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து போகிற புகைக்குழாய்) அடிக்கிற பெயின்டுக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டு வந்தவரை நாம் மின்னியல் வகுப்புக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டோம். எனக்குக் கடலூர் முதுநகரில் பட்டறைப் பழக்கம் உண்டு, அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

> ரெசிஸ்டன்ஸ் என்றால் தடை. மின்தடை போல வெப்பத்தடைப் பூச்சு என்பதே முறை.

முறைதான், ஆனால் பொருள் தவறு. மின்தடை மின்சாரத்தை மறிக்கிறது. இந்தப் பெயின்ட் சூட்டை மறிக்கவே மறிக்காது. குழாய் எவ்வளவு சுடுகிறதோ பெயின்டும் அவ்வளவு சுடும், தொட்டால் தோல் உரிந்துவிடும். அந்தச் சூட்டில் தான் கருகாமல், பொருக்கு விடாமல் நின்று, கீழே இருக்கிற இரும்பைத் துருப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. டப்பாவில் ‘வெப்பத்தடை’ என்று எழுதினால், பின்சீட்டில் உட்காருகிற பிள்ளைக்கு இனிமேல் கால் சுடாது என்று நம்பி வாங்குகிறவர் கட்டாயம் இருப்பார். கால் சுடாமல் இருக்கக் குழாயில் பட்டை சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் தகடு மாட்ட வேண்டும். வெப்பத்தடுப்பு, வெப்பத்தடை இரண்டையும் அந்தச் சரக்குக்கே விட்டுவிடலாம்.

இடிதாங்கி, சுமைதாங்கி வழியில் ‘சூடுதாங்கி’ என்று ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்தது. இயந்திரவியலில் தாங்கி என்றால் பேரிங் என்று வந்த மறுப்பும் நியாயம்தான், அந்தப் பேரிங்கும் இதே பட்டறையில்தான் புழங்குகிறது. அதனால் இகரத்தை எடுத்துவிட்டு ‘சூடுதாங்கு பூச்சு’ என்று வைத்துக்கொள்வோம். ‘வெப்பந்தாங்கு’ என்றால் பாடப்புத்தகத்துக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் பெண்ட் வெப்பமாக இருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

பேர் மட்டும் வைத்தால் போதாது, எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கும் சொல் வேண்டும். பெயின்ட் வாங்கும்போது ஏமாறுகிற இடமே அதுதான். நல்ல டப்பாக்களில் இரண்டு எண் இருக்கும்: தொடர்ந்து தாங்குவது ஒன்று, கொஞ்ச நேரம் மட்டும் தாங்குவது இன்னொன்று. பெரிய எண்ணைத்தான் முன்பக்கம் கொட்டை எழுத்தில் போடுவார்கள், அதுவும் வெளிநாட்டுச் சரக்கென்றால் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில். 1200 என்று பார்த்து மலைக்க வேண்டாம், அது நம் கணக்கில் 650 டிகிரி செல்சியஸ்தான். முதலாவதற்கு ‘நிலைச்சூடு’, இரண்டாவதற்கு ‘உச்சச்சூடு’ என்பது என் முன்மொழிவு. இருட்டில் பார்த்தால் மங்கலாகச் சிவந்து தெரிகிற குழாய் 500 டிகிரியைத் தாண்டியிருக்கும், எஞ்சின் வாயை ஒட்டிய பகுதிதான் பொதுவாக அதிகம் சுடும், அதற்கு நிலைச்சூடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிப்காட் பக்கம் பாய்லர் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். எச்ஆர் (ஹீட் ரெசிஸ்டன்ட்) அலுமினியம் என்று அவர்கள் கேட்டு வாங்குகிற பெயின்டே 200, 400, 600 டிகிரி என்று தரம் பிரித்துத்தான் வருகிறது.

இனி க்யூரிங், அதாவது அடித்த பெயின்ட் முழுதாக இறுகிப் பதமாவது.

> க்யூரிங் = உலர்த்துதல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. கொத்தனாரிடம் க்யூரிங் என்றால் கான்கிரீட் காயாமல் தண்ணீர் ஊற்றுவது, நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர். இந்தப் பெயின்டிலும் உலர்வது வேறு, க்யூர் ஆவது வேறு. அடித்துக் கொஞ்ச நேரத்தில் கையில் ஒட்டாது, ஆனால் நகத்தால் கீறினால் சுருண்டு வரும், மேலே ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் இளகிவிடும். உள்ளே இருப்பது சிலிக்கோன் பிசின். சூடு ஏற ஏறத்தான் அது ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அதற்கும் மேலே போனால் அதிலுள்ள கரிமப் பகுதி எரிந்துபோய், மிச்சமிருக்கிற சிலிக்கா நிறமித் துகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதை ஒரே மூச்சில் செய்தால் கொப்புளம் கிளம்பும். அதனால்தான் 120, 200, 315 டிகிரி என்று படிப்படியாக, ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் சுட்டு நடுவில் ஆறவிடச் சொல்கிறார்கள் (டப்பாவுக்கு டப்பா கொஞ்சம் மாறும்). வண்டியிலேயே செய்வதானால் முதலில் ஐடிலில் சிறிது நேரம் ஓடவிட்டு ஆறவிட வேண்டும், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம்.

பதப்படுத்தல் என்றால் மீனும் ஊறுகாயும் நினைவுக்கு வருகிறது, பதனிடுதல் தோலுக்குப் போய்விட்டது. ஆகவே ‘சுடுபதம்’. சுடுமண் போலத்தான். வில்லியனூர்ப் பக்கம் சுடுமண் வேலை செய்கிறவரிடம் போய்ச் சொன்னால் அவர் விளக்கம் கேட்கமாட்டார். ‘சுடுபதம் ஏறாத பூச்சு’, ‘இரண்டாம் சுடுபதம்’ என்று வாக்கியத்தில் போட்டும் பார்த்துவிட்டேன், உறுத்தவில்லை.

பெயின்ட் அடிக்கும் முன் இரும்பைத் தயார் செய்வதற்குச் சொல்கிற ‘அடிவேலை’ என்ற சொல்லை மாற்ற வேண்டாம் என்பதும் என் கருத்து. நம் கடற்கரைப் பக்கம் பெயின்ட் உரிவதற்குப் பாதிக் காரணம் அது சரியில்லாததுதான். உப்புக்காற்றில் கிடந்த குழாயை நல்ல தண்ணீரில் கழுவாமல் நேரே தேய்த்தால் துருவின் குழிகளில் உப்பு தங்கிவிடும், மேலே என்ன விலைக்குப் பெயின்ட் அடித்தாலும் அடியில் துரு ஊறிக்கொண்டே இருக்கும். கழுவி, பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அப்புறம் வெறுங்கை படாமல் மெலிதாக இரண்டு மூன்று கோட். வழக்கமான ரெட் ஆக்சைடு பிரைமர் இதற்கு உதவாது, அது முதலில் கருகி மேலே இருக்கிறதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

ஹெடருக்கு (எஞ்சின் வாயிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்) ‘வெளியேற்றுத் தலைக்குழாய்’ என்று வந்திருக்கிற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. ‘புகைவளைவு’ என்று வைத்தால் பெண்ட் என்கிறவருக்கும் புரியும். மேலே சொன்ன மற்றச் சொற்களுக்கு மறுப்பு இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள், இதை மட்டும் இன்னும் கொஞ்சம் பேசலாம்.