புதிதாகச் சேர்பவர்களை முதல் மாதம் எங்கே நிறுத்துகிறீர்கள்?

பேரிங்கடை_கோவை:
பேரிங், வி-பெல்ட், ஆயில் சீல், போல்ட் நட்டு, பைப் ஃபிட்டிங்ஸ் ஸ்டாக் வைத்து மில்களுக்கும் பம்ப் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்கிறோம். அடுத்த மாதம் இரண்டு பேர் சேருகிறார்கள். ஒருவர் டிப்ளமோ மெக்கானிக்கல், இன்னொருவர் பி.காம். போனில் வரும் என்கொயரிக்கு ஸ்டாக் பார்த்து கொட்டேஷன் போடும் வேலை. இதுவரை கேட்டலாகைக் கையில் கொடுத்து சீனியர் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் வழக்கம். சீனியருக்கோ போன் ஓய்வதே இல்லை. மாதம் முடிவதற்குள் சிலர் சொல்லாமலே வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். உங்கள் இடத்தில் எப்படி?

குடோன்_இன்சார்ஜ்:
சார், முதலில் அவர்களைப் போன் பக்கமே விடாதீர்கள். இன்வேர்டில் நிறுத்துங்கள். வந்த பெட்டியைப் பிரித்து, பில்லோடு ஒத்துப் பார்த்து, ரேக்கில் அடுக்கட்டும். எங்கள் குடோனில் பி.இ. முடித்து வருபவருக்கும் இதுதான் முதல் வேலை.

கேட்டலாகில் 6205, 6305 என்ற பேரிங்குகள் இரண்டும் வெறும் எண்கள். கையில் கொடுத்தால் கதை வேறு. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், இரண்டுக்குமே 25 மி.மீ. ஆனால் வெளிவிட்டம் ஒன்றுக்கு 52, இன்னொன்றுக்கு 62. இரண்டையும் ஒரே ஷாஃப்ட் துண்டில் மாட்டிக் காட்டுங்கள், அப்புறம் மறக்க மாட்டார்கள். (இந்தக் கணக்கு 04-லிருந்துதான். 00 முதல் 03 வரை 10, 12, 15, 17 என்று மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.) பிறகு எண்ணுக்குப் பின்னால் வரும் பின்னொட்டு. தகடு மூடியது இசட்இசட், ரப்பர் மூடியது 2ஆர்எஸ். சி3 என்றால் உள்ளே இடைவெளி சாதாரணத்தைவிடக் கூடுதல். மோட்டார் சூடேறி உள்வளையம் விரியும்போது அந்த இடம் வேண்டும். மோட்டாருக்குக் கேட்பவரிடம் சி3-யா என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர்தான் போனை எடுக்கலாம்.

ஃபிட்டிங்ஸ் பக்கம் வந்தால் ஒரு அரை இன்ச் பி.எஸ்.பி. (பைப் மரை) நிப்பிளையும் அளக்க வெர்னியரையும் கொடுத்துப் பாருங்கள். மரையின் மேல் அளந்துவிட்டு, "21 மி.மீ. வருது அண்ணா, இது அரை இன்ச் இல்லையே" என்பார்கள். அரை இன்ச் போல்டை அளந்தால் 12.7 தானே வரும் என்ற குழப்பம். பைப் மரையின் பெயர் பழைய பைப்பின் உள்துளையை வைத்து வந்தது என்று அப்போது சொன்னால் மனதில் நிற்கும். முன்கூட்டியே சொன்னால் காதில் ஏறாது.

மில்_பர்ச்சேஸ்:
வாங்குகிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. புதியவர் "பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் சார்" என்றால் எனக்கு வருத்தமே இல்லை, சொன்னபடி கூப்பிட்டால் போதும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி சரக்கு மாறி வந்தால்தான் வயிறு எரியும். நைட் ஷிஃப்டில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமைப் பிரித்துப் போட்டுவிட்டு, வந்த பேரிங் சேராமல் ஃபிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை அவர்கள் ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும். டெலிவரி வண்டியிலேயே ஏற்றி அனுப்புங்கள், ஸ்டோர்ஸில் நானே சுற்றிக் காட்டுகிறேன்.

பேரிங்கடை_கோவை:
நன்றி. டிப்ளமோ படித்தவர் பெட்டி பிரிக்கச் சொன்னால் முகம் சுளிப்பாரே என்றுதான் யோசனை.

குடோன்_இன்சார்ஜ்:
இன்டர்வியூவிலேயே சொல்லிவிடுங்கள் சார், எத்தனை வாரம், எதற்காக என்று. சொல்லாமல் குடோனுக்கு அனுப்பினால் யாருக்கும் தண்டனை மாதிரிதான் இருக்கும். சொல்லியும் வருபவர் நிலைத்து நிற்பார்.

இன்னொன்று, இருவரையும் சேர்த்தே வையுங்கள். பேரிங்குக்கு ஹெச்.எஸ்.என். (ஜி.எஸ்.டி. பில்லில் போடும் சரக்கு எண்) 8482, போல்ட் நட்டுக்கு 7318, ஈ-வே பில் எப்போது போட வேண்டும் என்பதையெல்லாம் பி.காம் தம்பி சீக்கிரம் பிடித்துக்கொள்வார். டிப்ளமோ தம்பிக்கு டிராயிங் படிக்கத் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கட்டும். சீனியரின் போனைக் காலையில் ஒரு மணி நேரம் வேறு யாராவது எடுங்கள், நீங்களே எடுத்தாலும் சரி. அந்த நேரத்தில் முந்தின நாள் திரும்பி வந்த சரக்கை மேஜையில் வைத்து, ஏன் திரும்பியது என்று மூவரும் உட்கார்ந்து பார்க்கட்டும். எங்கள் சீனியர்கள் கற்றதில் பெரும்பங்கு அந்த ரிட்டர்ன் ரேக்கில்தான்.