அப்பாவின் யாஷிகா மேட் 124ஜி: சர்வீஸ் செய்யாமல் ரோல் போடலாமா?

காவிரிக்கரை:
அப்பா ஸ்டுடியோவை மூடியபோது இந்த ஒரு கேமராவை மட்டும் விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டார். லென்ஸில் ஃபங்கஸ் இல்லை. வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. ஒரு நொடியில் வைத்தால் ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடுகிறது, 1/125 நொடியும் அதைவிட வேகமாகவும் வைத்தால் பரவாயில்லை. அப்படியே ஒரு ரோல் ஓட்டலாமா? திருச்சி வெயிலில் வீட்டிலேயே பிலிம் கழுவ முடியுமா?

டார்க்ரூம் அண்ணாச்சி:
தாராளமா ஓட்டலாம் தம்பி. மெதுவான வேகங்களுக்குத் தனிப் பல்சக்கரம் உண்டு, அதில் பழைய எண்ணெய் இறுகியிருக்கும். எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிடாதீர்கள், ஷட்டர் இதழ்களில் ஏறி ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் டைமர் பக்கமும் போகவேண்டாம். பழைய ஷட்டரில் அது பாதியில் மாட்டினால் மொத்தமும் நின்றுபோகும்.

பின்மூடியைத் திறந்து, பிலிமை அழுத்தும் தகடு 12ல் இருக்கிறதா 24ல் இருக்கிறதா என்று பாருங்கள். 24 என்பது 220 ரோலுக்கு. அதில் பிலிமுக்குப் பின்னால் காகிதம் கிடையாது. நீங்கள் போடப்போவது 120, அதனால் 12.

மீட்டர் செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது, அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரியை ஒரு வளையத்துக்குள் வைத்துப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 1.4 வோல்ட் தரும்.

கொங்கு லென்ஸ்:
எதற்கு இந்தப் பாடு? போனில் மீட்டர் ஆப் இருக்கிறதே.

டார்க்ரூம் அண்ணாச்சி:
இருக்கட்டும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/500 நொடி என்று வைத்தால் ஆப்பே வேண்டாம். அவருக்கு ஓடுகிற வேகமும் அதுதான்!

கழுவுவதைக் கேட்டீர்களே. இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமை ஐடி-11 டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம். நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீரை அவ்வளவு குளிர வைக்க மெனக்கெட வேண்டாம். பேசினில் ஐஸ் போட்டு 24க்குக் கொண்டுவந்தால் 9 நிமிடம் போதும். டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் அந்தச் சூட்டில் நேரம் 5 நிமிடத்துக்கு வந்துவிடும், ஊற்றி எடுப்பதற்குள் திட்டுத்திட்டாகிவிடும். ஹைப்போவும் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) கழுவும் தண்ணீரும் அதே 24ல் இருக்கட்டும். குளிர்ச்சிக்கும் சூட்டுக்கும் மாற்றி மாற்றிப் போட்டால் பிலிம் மேல்பூச்சு சுருங்கிப்போகும்.

காவிரிக்கரை:
தகடு 24ல்தான் இருந்தது அண்ணாச்சி! மாற்றிவிட்டேன். ஸ்கேனுக்கு என்ன செய்வது?

கொங்கு லென்ஸ்:
டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இருந்தால் லைட் பேனல் மேல் நெகட்டிவை வைத்து எடுத்துவிடலாம். தட்டையாக நிற்கும்படி பிடிக்க மட்டும் நல்ல ஹோல்டர் வாங்குங்கள்.