ஒரே தளமா, மாடியா: 14 மீட்டர் மனையில் ஒரு சிறிய பங்களா

சிலேத்தார் திண்ணை:
சிங்கப்பூரின் சிலேத்தார் ஹில்ஸில் என் தந்தையார் எழுபதுகளில் வாங்கிய ஒற்றைத்தள வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவு செய்திருக்கிறோம். மனை 14 மீட்டர் அகலமும் 30 மீட்டர் ஆழமும் கொண்டது. தனி பங்களாவுக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் விதித்துள்ள குறைந்தபட்ச அளவு 400 சதுர மீட்டர். எங்களுடையது 420 என்பதால் நூலிழையில் அந்தப் பெயருக்கு உரியதாகிறது. சாலை மேற்கே இருக்கிறது. முன்புறம் 7.5 மீட்டரும் மற்ற மூன்று பக்கங்களிலும் 2 மீட்டரும் விட்டால், கட்டுவதற்கு 10க்கு 20.5, அதாவது 205 சதுர மீட்டர் மிஞ்சுகிறது. மனையில் பாதிக்கு மேல் கட்டடம் பரவக்கூடாது என்ற விதிக்கும் இது உட்பட்டதே.

வீட்டில் 81 வயதுத் தந்தை, தாய், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், பணிப்பெண் என ஏழு பேர் இருக்கிறோம். நடுவில் 4க்கு 5 மீட்டர் முற்றம் விட்டு, அதைச் சுற்றி எல்லா அறைகளையும் ஒரே தளத்தில் அமைக்க வேண்டும் என்பது என் விருப்பம். முற்றம் போக 185 சதுர மீட்டர் கிடைக்கிறது. ஏழு பேருக்கு அது போதும். மாடி கட்டாமல் விடுவது மனையை வீணாக்குவது என்று என் மனைவியும் கட்டடக் கலைஞரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். படியே ஏறாத வீட்டில் ஐம்பது ஆண்டுகளாக வாழ்ந்த மனிதரை, அவருடைய கடைசிக் காலத்தில், குடும்பம் மேலே உறங்கத் தாம் மட்டும் கீழே தனித்திருக்கும்படி விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வரைபலகை:
முப்பது ஆண்டுகள் வரைவாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நேரடியாகவே சொல்கிறேன்: உங்கள் திட்டம் தவறானது. மாடி கட்டுவதால் தோட்டத்துக்கு இடம் மிஞ்சும் என்பது சிறிய காரணம். பெரிய காரணம் வெயில். நாம் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருக்கிறோம். நண்பகல் வெயில் ஜூனில் சற்று வடக்கே சாய்ந்தும், டிசம்பரில் சற்றுத் தெற்கே சாய்ந்தும், மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஏறக்குறைய உச்சந்தலையிலும் விழுகிறது. ஆகவே பகல் வெப்பத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது கூரைதான். ஒற்றைத்தள வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் மேலே அந்தக் கூரை இருக்கும். மாடி இருந்தால் கீழ்த்தள அறைக்கு அந்த மாடியே குடையாகிவிடும். தந்தையாரை முன்னிறுத்தித்தான் மாடி வேண்டாம் என்கிறீர்கள். பிற்பகலில் கட்டிலில் படுத்திருக்கப்போகிறவரும் அவர்தான்.

இன்னொன்று, முற்றத்தை நடுவில் வைப்பதற்கு முன் பாதுகாப்பறையை எங்கே வைப்பீர்கள் என்று முடிவு செய்யுங்கள். 1998 முதல் புதிய வீடுகளில் அது கட்டாயம். குண்டுவீச்சு நேர்ந்தால் தஞ்சம் புகுவதற்கான, நாம் பாம் ஷெல்டர் என்று சொல்லும் அந்தக் கான்கிரீட் பெட்டியின் சுவரைப் பிற்காலத்தில் உடைக்கவோ நகர்த்தவோ முடியாது. வரவேற்பறையின் சுவர் எங்கே வருவது என்பதை நீங்கள் நாளைக்கு மாற்றலாம், அதை மாற்ற முடியாது. எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, மிஞ்சிய மூலையில் பாதுகாப்பறையைத் திணித்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கனத்த எஃகுக் கதவு கடைசியில் சாப்பாட்டு மேசையின் பின்னால்தான் வந்து திறக்கும்.

சிலேத்தார் திண்ணை:
கூரை வெப்பத்தை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் உயரமான சாய்கூரையும், அதன் அடியில் காற்றோட்டமும், வெப்பத்தடுப்பு அடுக்கும் இருந்தால் அதைப் பெரிதும் குறைக்கலாம். இங்குள்ள பழைய கறுப்பு வெள்ளை பங்களாக்கள் குளிர்சாதனம் இல்லாத காலத்தில் அகன்ற இறவாரத்தையும் தாழ்வாரத்தையும் நம்பியே கட்டப்பட்டவை. முற்றத்தை நான் அழகுக்காகக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் 2 மீட்டரில் அண்டை வீட்டு மதில் வந்துவிடுகிறது. 20 மீட்டர் ஆழமுள்ள வீட்டின் நடுப்பகுதியில் பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருக்கும். காரைக்குடி வீடுகளிலும் நம் ஊர்க் கடைவீடுகளிலும் நடுவில் வானத்தைத் திறந்து வைத்தது இதே இக்கட்டினால்தான்.

ஈசானியம்:
ஒரு தளமோ இரண்டு தளமோ, திசைகளைச் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள். அக்னி மூலையாகிய தென்கிழக்கில் சமையலறையும், ஈசானியமாகிய வடகிழக்கில் பூசையறையும், கன்னி மூலையாகிய தென்மேற்கில் குடும்பத்தின் மூத்தவருடைய படுக்கையறையும் அமைய வேண்டும். சாலை மேற்கே இருப்பதால் தந்தையாரின் அறை வாசலுக்கு அருகிலேயே வந்துவிடுகிறது. சாத்திரமும் வசதியும் ஒன்றுகூடும் இடத்தில் விவாதத்துக்கு என்ன தேவை?

தோ பாயோ மருமகள்:
நாங்கள் வசிப்பது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடு. பங்களாவைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் மாமியார் கடைசி நான்கு ஆண்டுகளைத் தென்மேற்கு மூலை அறையில்தான் கழித்தார். அங்கே பிற்பகல் மூன்று மணிக்குச் சுவரில் ஏறத் தொடங்கும் சூடு, ஏழு மணிக்குப் பொழுது சாய்ந்த பிறகும் இறங்காது. இரவு ஒன்பது மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் சுடும். கன்னி மூலை என்று பெருமைப்பட்டு அவரை அங்கே படுக்கவைத்த நாங்கள்தான் பிறகு குளிர்சாதனத்தை நாள் முழுவதும் ஓட விட்டோம்.

திண்ணை அண்ணன் மாடியைப் பற்றியே பேசுகிறார். என் மாமியார் விழுந்தது மாடிப்படியில் அன்று. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டியிருந்த இரண்டு அங்குலத் திட்டில் கால் தடுக்கி விழுந்தார். உங்கள் தந்தையார் இரவில் எழுந்தால் கட்டிலிலிருந்து கழிவறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதை வரைபடத்தில் எண்ணிப் பார்த்தீர்களா? முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தால் அந்த முற்றம் எனக்கு வேண்டாம்.

வரைபலகை:
அம்மா சொல்வது முற்றிலும் சரி. கழிவறை அவருடைய அறையோடு இணைந்திருக்கட்டும். கதவு திறந்த நிலையில் 850 மில்லிமீட்டர் தெளிவான அகலமும், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டமும் வையுங்கள். திட்டு வேண்டாம், தரையைச் சரித்து நீரை வடியுங்கள். வீட்டுக்குள் நுழையவும் படி இருக்கக்கூடாது. வெள்ளத்தைக் கருதித் தரைமட்டத்தை உயர்த்தத்தான் வேண்டியிருக்கும். 300 மில்லிமீட்டர் உயர்த்தினால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் 3.6 மீட்டர் நீளச் சரிவுப்பாதை தேவை. முன்புறத்தில் 7.5 மீட்டர் இருக்கிறது, தாராளமாக அமையும்.

ஈசானியம் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை நமக்கு வடகிழக்குக் காற்று வீசுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவத்துக்குத் தென்மேற்குப் பருவம் என்று பெயர் இருந்தாலும், இத்தீவில் அப்போது காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. இந்த மனையின் பின்புறம் கிழக்கு. அக்னி மூலையில் அடுப்பை வைத்தால் நான்கு மாதங்களுக்குத் தாளிப்பு வாசம் படுக்கையறை வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். சமையலறை முன்புற வடமேற்கில் இருக்கட்டும். மாலை வெயிலை அந்தச் சுவர் வாங்கிக்கொள்ளும். கார் நிறுத்தும் இடத்திலிருந்து சாமான்களை நேரே உள்ளே கொண்டுபோகலாம். தந்தையாரின் அறை பின்புற வடகிழக்கில் இருக்கட்டும்.

ஈசானியம்:
வடமேற்கு வாயு மூலை. அக்னி மூலை அமையாதபோது சமையலறைக்கு அதை ஏற்பது வழக்கத்தில் உண்டு. அதனால் அதை மறுக்கவில்லை. தந்தையாரை வடகிழக்குக்கு அனுப்புவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அது இறைவனுக்குரிய இடம்.

சிலேத்தார் திண்ணை:
என் மனைவி இதையெல்லாம் படித்துவிட்டு, விருந்தாளி கதவைத் திறந்ததும் முதலில் காண்பது மீன் கழுவும் தொட்டியாகவா இருக்க வேண்டும் என்று கேட்கிறார். அதற்கு ஒரு குறுக்குச் சுவர் போதும். எனக்கு உறுத்துவது வேறு. பின்புற வடகிழக்கு அறை பிற்பகலில் குளிர்ச்சியாக இருக்கும், இரண்டு பருவக் காற்றும் வரும். ஆனால் அப்பா மாலையானால் வாசலில் நாற்காலி போட்டுத் தமிழ் முரசை விரித்துவிடுவார். தெருவில் போகிறவர்கள் எல்லாரிடமும் இரண்டு வார்த்தையாவது பேசுவார். அவருக்கு வீடு என்பது அந்த நாலடி இடம். அவருடைய கட்டிலைப் பதினைந்து மீட்டர் பின்னால் கொண்டுபோய் வைத்தால் அவர் வாசலுக்கு வருவதையே விட்டுவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்.

தோ பாயோ மருமகள்:
பதினைந்து மீட்டரும் ஒரே நேர்கோட்டில், படியில்லாமல், ஓரமாகக் கைப்பிடியோடு இருந்தால் நடப்பார். தினமும் நடக்க அதுவே காரணமாகும். இரண்டு திருப்பமும் ஒரு வாசற்படியும் இருந்தால் நடக்க மாட்டார். அந்த நடையின் நடுவழியில் உட்கார ஒரு திண்ணை கட்டுங்கள், உங்கள் பெயருக்கும் பொருந்தும்.

வரைபலகை:
அப்படியானால் முற்றத்தை நடுவிலிருந்து தெற்கு ஓரத்துக்குத் தள்ளுங்கள். மூன்று மீட்டர் அகலமே போதும். மதில்வரை விடவேண்டிய 2 மீட்டரோடு சேர்ந்து ஐந்து மீட்டர் வானம் கிடைத்துவிடும். நடைபாதை அதன் ஓரமாக நேரே முன்னிருந்து பின்னுக்குப் போகும். நான்கு பக்கமும் அடைபட்ட முற்றத்தில், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், ஒரே ஒரு வடிகால் இலையால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தேங்கிய நீரை டெங்கிக் கொசு முதலில் கண்டுபிடிக்கும், அதிகாரிகள் அடுத்ததாகக் கண்டுபிடிப்பார்கள்.

மாடி பற்றிய என் கருத்து மாறவில்லை.

சிலேத்தார் திண்ணை:
நேற்றிரவு கட்டடக் கலைஞருடன் உட்கார்ந்து மறுபடி வரைந்தோம். முன்பாதி ஒற்றைத்தளம்: வடமேற்கில் சமையலறை, தென்மேற்கில் கூடமும் ஆழமான தாழ்வாரமும். நடுவில் தெற்கு ஓர முற்றம், அதற்கு எதிரே வடக்குப் பக்கமாகப் பாதுகாப்பறையும் மாடிப்படியும். பின்பாதிக்கு மட்டும் மாடி. தரைக்குத் தரை 3.15 மீட்டர், 175 மில்லிமீட்டராகப் பதினெட்டுப் படிகள். கீழே வடகிழக்கில் அப்பா அம்மாவின் அறை, தென்கிழக்கில் பணிப்பெண்ணின் அறை. பூசை மாடம் அப்பாவின் அறைக்கு வெளியே, நடைபாதையின் கிழக்கு முனையில் வருகிறது. ஈசானியம் நண்பர் பாதியளவாவது பொறுத்துக்கொள்வார் என நம்புகிறேன். பிள்ளைகளின் இரண்டு அறைகளும் எங்கள் அறையும் மேலே. நான் மாடியே வேண்டாம் என்றுதான் இங்கு வந்தேன். அப்பாவின் அறைக்கு மேலே குடை வேண்டும் என்ற வாதத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

வரைபலகை:
பாதி மாடி என்பது இரண்டு கூரைகள் சந்திக்கும் இடத்தில் ஒழுகுவதற்கு என்றே கட்டுவது. அந்த இணைப்பில் தகடும் நீர்க்காப்பும் எப்படிப் போடப்படுகின்றன என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்பாவின் அறைக்கு நேர் மேலே யாருடைய அறை?

சிலேத்தார் திண்ணை:
மகனுடையது. ஒன்பது வயது.

தோ பாயோ மருமகள்:
காலை ஆறு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும் ஒன்பது வயதுப் பையனா? அந்த அறையை நீங்கள் இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. அவன் பணிப்பெண்ணின் அறைக்கு மேலேயும் வேண்டாம், அவரும் உறங்க வேண்டும். பாதுகாப்பறைக்கு மேலே என்ன வருகிறது?

சிலேத்தார் திண்ணை:
இப்போதைக்குக் குளியலறையும் துணி மடிக்கும் இடமும். மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.